மேனேஜர் சாப்பிடவில்லை

அத்தியாயம் 14

மேனேஜர் கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்துக்கடை அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு வருஷத்தில் இது நடந்ததே இல்லை. இடுப்பு வலியில் ராத்திரியெல்லாம் முனகிய காலத்தில்கூட மேனேஜர் சாப்பாட்டை வேண்டாம் என்றதில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது.

இந்த வாரம்தான் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் என்பது நாய். பேர் வைத்தது அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். குட்டியாக வந்த முதல் நாளே ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதுபோல் பெருமூச்சு விட்டதாம். அன்றிலிருந்து மேனேஜர். மரியாதையும் அன்றிலிருந்துதான்.

ஆறு வாரத்துக்கு முன் கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்து, இடுப்பிலும் பின்னங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் என்றதும் அக்கா வீட்டையே தலைகீழாகப் புரட்டிப்போட்டாள். வழுக்கும் தரை முழுக்க விரிப்பு. வாசல் படிக்குப் பக்கத்தில் சரிவுப் பலகை. காலையும் மாலையும் இருபது நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தராசில் நிறுத்த மீனும் வேகவைத்த பூசணிக்காயும். அதன்மேல் மீன் எண்ணெய். மூட்டுக்கென்று ஒரு மெல்லும் மாத்திரை. வாரம் ஒருமுறை நீச்சல்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடை. எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணையாகத் தொங்கியது.

பலனும் வந்தது. போன வாரம் மேனேஜர் யார் துணையும் இல்லாமல் சோபாவில் தாவி ஏறினாரே, வீடே கைதட்டியதே! அந்த மேனேஜர்தான் இன்று மூலையில் சுருண்டு படுத்திருந்தார்.

“ஐயா, என்ன கோபம் உங்களுக்கு? மீன் இன்னைக்குத்தான் வாங்கினது” என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். வால்கூட அசையவில்லை.

அவள் பின்வாசலைத் திறந்தாள். ராத்திரி மேனேஜர் வெளிக்குப் போனது அங்கே கிடந்தது. கறுப்பாக, தார் மாதிரி.

அக்கா குனிந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவளுக்கு இந்தக் கறுப்பு தெரியாதா? வெறும் வயிற்றில் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, “ஒரு மாதிரி போகுதுங்க” என்று கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனை பேர் வந்து நின்றிருக்கிறார்கள்! வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஆனால் மேனேஜருக்கு ஏது வலி மாத்திரை?

“ஏய், எழுந்திரு!” என்று மகளின் கதவைத் தட்டினாள்.

மகள் நீச்சல் பயிற்சி கொடுப்பவள். மற்ற நாளில் விடியுமுன் ஐந்து மணிக்கே குளத்துக்குப் போய்விடுவாள். திங்கட்கிழமை குளத்துக்குத் தண்ணீர் மாற்றும் நாள். அன்றுதான் பழைய தண்ணீரை வெளியேற்றுவதற்கு முன், யாரும் பார்க்காமல் மேனேஜரை இறக்கி நடக்கவிடுவாள்.

“இன்னைக்குத் திங்கள்னாலும் நீச்சல் இல்ல. நேரா டாக்டர்கிட்ட. தூக்கு.”

வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். மகள் ஒற்றைக் கையால்தான் பிடித்தாள். காருக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ரெண்டு கையும் போட்டுப் பிடிச்சா குறைஞ்சா போயிடுவே?” என்றாள் அக்கா.

“நீயே ஓட்டும்மா. நான் பின்னாடி அவர்கூட உட்காந்துக்கறேன்.”

அக்காவுக்கு அதற்குமேல் கேட்கப் பொழுதில்லை. ஓட்டினாள்.

*

டாக்டரம்மா மேனேஜரைத் தராசு மேடையில் நிற்கவைத்தாள். முப்பத்திநாலு கிலோ இருந்தவர் முப்பதரை.

“எடை அழகா இறங்கியிருக்கு அக்கா. இது முழுக்க உங்க உழைப்பு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மேனேஜரின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். “ஆனா இந்த ஈறைப் பாருங்க.”

இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

ரத்தம் எடுத்து உள்ளே கொண்டுபோனாள். கால் மணி நேரத்தில் ஒரு தாளோடு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மனுஷங்க சாப்பிடற வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?”

“யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க?” அக்காவுக்குச் சுருக்கென்று வந்தது. “நாய்க்கு மனுஷ மாத்திரை விஷம்னு என் கடையில போர்டே எழுதி மாட்டியிருக்கேன். ஊரே என்கிட்ட வந்து கேட்டுட்டுப் போகுது.”

“தெரியும் அக்கா. அதனாலதான் எனக்கே நம்ப முடியல. ஆனா வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. ரத்தத்துல கிட்னி உப்பும் ஏறியிருக்கு. யாரோ கொடுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல.”

அக்காவுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. யாரோவா? வீட்டில் இருப்பதே மூன்று பேர்!

“எந்த மாத்திரை, தினம் எத்தனை, எத்தனை நாளா? எனக்கு மதியத்துக்குள்ள தெரியணும். அதை வச்சுத்தான் எவ்வளவு டிரிப் ஏத்தறது, எந்த மருந்து போடறதுன்னு முடிவு பண்ணணும். தெரியாம போட்டா இருக்கிற கிட்னியும் போயிடும்.”

“பிழைச்சுக்குமா?”

“முதல்ல தெரிஞ்சுட்டு வாங்க அக்கா.”

சுவரில் சாய்ந்து நின்ற மகள் மெல்லக் கேட்டாள். “டாக்டர், அந்தக் கறுப்பா போறது… மாத்திரையை நிறுத்திட்டா தானா சரியாயிடுமா?”

“சில சமயம் ஆகும். சில சமயம் உள்ளுக்குள்ளயே கசிஞ்சுக்கிட்டிருக்கும். வெளியில தெரியாது. மூச்சு வாங்கும், உடம்பு வெளுத்துக்கிட்டே வரும். அதான் ஆபத்து.”

மகள் தரையைப் பார்த்தாள். அக்கா மகளைப் பார்த்தாள்.

“நீ ஏதாவது கொடுத்தியா? உண்மையைச் சொல்லு.”

“நானா? அம்மா, சத்தியமா இல்ல. குளத்துல ரெண்டு தடவை பிஸ்கட் கொடுத்தேன். அவ்வளவுதான்.”

“பிஸ்கட்டா!” வேறு நாளாக இருந்தால் அந்த பிஸ்கட்டுக்கு ஒரு பெரிய விசாரணையே நடந்திருக்கும். இன்று அக்கா கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மகள் மேனேஜருக்குத் துணையாக அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

அக்காவின் வீட்டில் ஒரு தகர டப்பா உண்டு. யார் எந்த மாத்திரை சாப்பிட்டாலும் காலி அட்டையைக் குப்பையில் போடக்கூடாது, அந்த டப்பாவில்தான் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கொட்டி எண்ணுவாள். மாத்திரை ஒன்று குறைவாகத் தீர்ந்திருந்தால் போச்சு, அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதியாகச் சாப்பாடு இறங்காது. “பாதியில் விட்ட மருந்து பாதி நோயை வளர்க்கும்” என்பது அவளுடைய பாட்டு.

அந்த டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தாள்.

வீட்டில் வலி மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரே ஆள்தான். மெக்கானிக். முழங்கால் வீங்கிப்போய், எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்தது, காலை ஒன்று, இரவு ஒன்று. பன்னிரண்டு நாளாகிறது. பன்னிரண்டு நாளுக்கு இருபத்திநாலு. அட்டைகளில் எண்ணினாள். இருபத்திநாலு குழியும் காலி. கணக்கு கச்சிதம்.

அப்பாடா, அவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார் என்று ஒரு கணம் நிம்மதி. பிறகு என்னவோ தோன்றி மேனேஜரின் மெல்லும் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அறுபது வாங்கியது. தினம் ஒன்று வீதம் நாற்பத்திரண்டு நாள். பதினெட்டு இருக்கவேண்டும்.

ஆறுதான் இருந்தது.

திரும்ப எண்ணினாள். ஆறேதான். பன்னிரண்டு காணோம்.

அவர் மாத்திரை தொடங்கிப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு மாத்திரை. அக்கா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். மெக்கானிக்குக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. லிஃப்ட் வேலையில் இருந்தால் எடுக்கமாட்டார்.

*

அது ஏழு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவுக்கு முன்னால் சங்கிலி போட்டு, ‘பழுதுபார்ப்பு நடக்கிறது’ என்று பலகை தொங்கியது. மெக்கானிக்கோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் வயர்ச் சுருளோடு நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணியா? வாங்க வாங்க. அண்ணன் கீழே குழிக்குள்ள இருக்கார். இப்பல்லாம் மேலே நான்தான் ஏறறேன். அன்னைக்கு விழப்போனாரே, அதுக்கப்புறம் அவரை…” எலக்ட்ரீஷியன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என்னைக்கு விழப்போனார்?”

“அண்ணி… உங்ககிட்ட சொல்லலையா?”

இன்று காலையிலிருந்து அடி மேல் அடி. அக்கா சங்கிலியைத் தாண்டிப் போய், திறந்திருந்த கதவில் எட்டிப் பார்த்தாள். ஆளுயரக் குழி. எண்ணெய் வாடை. கீழே டார்ச் வெளிச்சத்தில் மெக்கானிக்கின் வழுக்கைத் தலை தெரிந்தது.

“ஏங்க! அந்த வலி மாத்திரையை நீங்க சாப்பிடறீங்களா இல்லையா?”

டார்ச் அசையாமல் நின்றது.

“மேனேஜருக்கு என்ன ஆச்சு?” என்றார் அவர்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மேனேஜர் பேச்சையே எடுக்கவில்லையே!

“பாவி மனுஷா! கொடுத்தீங்களா? நாய்க்கா கொடுத்தீங்க?”

“அது பிழைச்சிருக்கா, அதைச் சொல்லு முதல்ல.”

“டாக்டர் மேஜையில கிடக்கு. வயித்துக்குள்ள ரத்தம். கிட்னி கெட்டுப்போச்சு. ஏங்க கொடுத்தீங்க? என் கடை போர்டை நீங்கதானே ஆணி அடிச்சு மாட்டினீங்க?”

“மாட்டினேன். படிக்கலை.” குரல் உடைந்தது. “டாக்டர் முதல்ல கையில கொடுத்தனுப்பின ரெண்டு மாத்திரையிலயே எனக்குத் தலை சுத்திச்சு. லிஃப்ட் பெட்டி மேல நின்னுக்கிட்டிருந்தேன். பெல்ட் மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்கு என்னைப் பார்க்க இங்க வந்திருக்கமாட்டே.”

“அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா வேலைக்குப் போகாதேம்பே. அம்பத்தெட்டு வயசுல வேலையை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“சரி, பிடிக்கலேன்னா தூக்கிப் போடவேண்டியதுதானே!”

“எங்க போடச் சொல்றே?” மெக்கானிக் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “குப்பையில போட்டா தப்பு, தண்ணியில விட்டா பாவம்னு தினம் நீதானே பாடறே? மிச்ச மாத்திரை போட உன் கடையில வச்சிருக்கிற பெட்டியில போட்டா உனக்குத் தெரிஞ்சுடும். அட்டையில மாத்திரை இருந்தா ஞாயித்துக்கிழமை என் உசிரை எடுத்துடுவே. ராத்திரி அது எந்திரிக்க முடியாம முனகிச்சும்மா. எனக்கும் மூட்டு, அதுக்கும் மூட்டு. ரெண்டும் ஒரே வலிதானேன்னு பூசணிக்காய்க்குள்ள வச்சுக் கொடுத்தேன். மறுநாளே துள்ளிச்சு. சோபால ஏறிச்சு. நீ கைதட்டினே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி ஊர் பேசும். பூசணிக்காய்க்குள் மறைத்த மனுஷனை அக்கா இன்றுதான் பார்க்கிறாள். அதுவும் சொந்தப் புருஷன். தான் தராசு வைத்து நிறுத்து, தானே மசித்து வைத்த பூசணிக்காய். கைதட்டியதும் தான்தான். நினைக்க நினைக்க அவளுக்குக் கூசியது.

“அப்ப அந்த மெல்லற மாத்திரை?”

“அதை நான் சாப்பிட்டேன்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “மொத ஒரு மாசம் அதுலதானே அது நல்லாச்சு. எனக்கும் கேக்கும்னு நினைச்சேன். ருசி ஒண்ணும் மோசமில்ல.”

பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல். அக்காவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“மேலே வாங்க. மணி பதினொண்ணரை. டாக்டர் கேக்கறாங்க.”

குழியிலிருந்து ஏற ஐந்து படி இரும்பு ஏணி. மெக்கானிக் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்து, நின்று மூச்சுவிட்டார். மறுபடி ஒரு படி. ஆறு வாரத்துக்கு முன் மேனேஜர் வாசல் படி ஏறியது இப்படித்தான். அதைப் பார்த்துத்தான் அக்கா சரிவுப் பலகை செய்யச் சொன்னாள். செய்து போட்டவர் இவர்தான். இவர் ஏறுவதை அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள்.

*

மேனேஜருக்கு முன்னங்காலில் ஊசி குத்தி, இப்போதைக்கு மெதுவாக டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பக்கத்தில் தரையிலேயே இருந்தாள். மெக்கானிக்கைப் பார்த்ததும் மேனேஜர் வாலை ஒரே ஒரு தடவை தரையில் தட்டினார். விஷம் வைத்த ஆளுக்கே வரவேற்பு. மெக்கானிக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது.

டாக்டரம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். “தினம் எத்தனை?”

“ராத்திரிக்கு ஒண்ணு. பன்னெண்டு நாளா.”

“காலையில?”

“காலையில கொடுக்கலைங்க. ஒண்ணுதான்.”

டாக்டரம்மா நிமிர்ந்தாள். “தினம் ரெண்டா இருக்குமோன்னு பயந்தேன். ஒண்ணுன்னா கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. மூணு நாள் டிரிப் ஓடணும். கிட்னி உப்பு இறங்கணும். இறங்கினாத்தான் வீடு. அதுக்கப்புறமும் துள்ளலை எதிர்பார்க்காதீங்க. பழையபடி மெதுவாத்தான். நடை, எடை, தண்ணி. நீங்க செஞ்சது சரியாத்தான் போயிக்கிட்டிருந்தது அக்கா.” மருந்தைக் கலக்க உள்ளே போனாள்.

அக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள். பாதி மூச்சு வெளியே வந்தபோதே மருந்துக்கடைப் புத்தி விழித்துக்கொண்டது.

தினம் ஒன்று. பன்னிரண்டு நாளைக்குப் பன்னிரண்டு. டப்பாவில் காலியாக இருந்த குழி இருபத்திநாலு.

“காலை மாத்திரை எங்கே போச்சுங்க?”

மெக்கானிக் மகளைப் பார்த்தார்.

மகள் மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள், வலது கையால். இடது கை மடியில் கிடந்தது. காலையிலிருந்தே அது அப்படித்தான் கிடந்தது என்பது அக்காவுக்கு இப்போதுதான் உறைத்தது.

“தோள்ம்மா” என்றாள் மகள். “நாலு வாரமா. மேனேஜரைக் குளத்துல இருந்து தூக்கறப்ப பிடிச்சுது. கையை மேலே தூக்கவே முடியல. உன்கிட்ட சொன்னா அவரோட நீச்சலை நிறுத்திடுவே. என்னையும் நிறுத்திடுவே. அப்பாகிட்ட சொன்னேன். அவர் காலை மாத்திரையைக் கொடுத்தார். அது பத்தாம நானும் வெளியில வாங்கிச் சாப்பிட்டேன்.”

“வெறும் வயித்துலயா?”

“விடியக்காலை அஞ்சு மணிக்கு யாரும்மா சாப்பிடறா?”

அக்காவின் வாய் திறந்தது. தினம் ஐம்பது பேருக்குச் சொல்லும் பிரசங்கம் தொண்டைவரை வந்து நின்றது. கல்லு மாதிரி இரண்டு பேர் தன் முன்னால் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பதைப் பார்த்தாள். வலி வந்த நாளிலிருந்து அதைத் தன்னிடம் ஒளிக்காதது இந்த வீட்டில் மேனேஜர் ஒருவர்தான். வாய் இருந்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். வலியைவிட அவளுக்குத்தான் பயந்திருக்கிறார்கள். அது அவளுக்குச் சுளீரென்று உறைத்தது.

வாயை மூடினாள். மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வேற எங்க வலிக்குது, சொல்லு.”

மகள் மேனேஜரின் ஈறைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கும் கறுப்பாத்தான் போகுது. நாலு நாளா.”

அக்கா கட்டைவிரலால் மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். காலையில் மேனேஜரின் ஈறு எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.